கன்னத்து எலும்புக்கு பெக்கா, டைட்டானியமா?

கன்னத்து எலும்பு நொறுங்கிய இடத்தில், உங்கள் அளவுக்கே 3டி பிரின்டரில் அச்சடித்த பெக் (PEKK, உறுதியான ஒருவகை பிளாஸ்டிக்) இம்பிளான்ட் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம். ஆனால் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி இருக்கிறது என்பதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். முக எலும்புக்கு 2014-இல் 510(கே) வழியில் கிடைத்த அனுமதி அது. ஏற்கெனவே சந்தையில் இருப்பதற்கு ஈடானது என்று காட்டினால் அந்த வழியில் போதும். 20, 30 வருஷம் முகத்தில் வைத்துப் பார்த்த சான்று அல்ல. டைட்டானியத்துக்கு அந்த அனுபவம் உண்டு.

பல வருஷம் கழித்துச் சீழ் வைக்குமோ என்ற உங்கள் பயம் நியாயமானதே. அதற்குப் பொருளை மட்டும் குறை சொல்ல முடியாது, வைக்கும் பாதையும் காரணமாகலாம். வாய்க்குள் கீறி வைக்கும்போது எச்சிலில் உள்ள கிருமி இம்பிளான்ட் மேல் ஒட்டிப் படலம் கட்டினால், ஆன்டிபயாடிக் அதற்குள் சரியாக வேலை செய்யாது. அப்புறம் பெரும்பாலும் கழற்றத்தான் வேண்டும்.

அதனால் சர்ஜனிடம் இதைக் கேளுங்கள்:

1. வாய் வழியா, கண் இமை வழியா? சைனஸ் சுவரில் ஓட்டை இருக்கிறதா?
2. கழற்ற நேர்ந்தால் எப்படி? (இம்பிளான்ட்டுக்குப் பயன்படும் இன்னொரு பிளாஸ்டிக்கான நுண்துளை பாலிஎத்திலீன் என்றால் சதை உள்ளே வளர்ந்துவிடும், பிய்த்தெடுப்பது பெரும்பாடு.)

பெக் சி.டி. ஸ்கேனில் டைட்டானியம் போலப் படத்தைக் கோடுகோடாக இழுக்காது, அது உண்மையான லாபம். ஆனால் சாதாரண எக்ஸ்ரேயில் பெக் சரியாகத் தெரியாது, அதைப் பொருத்திய திருகுதான் பளிச்சென்று தெரியும்.

சர்க்கரை, புகைப்பழக்கம், முகத்தில் ரேடியேஷன் எடுத்தது என ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கே மாறும். அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.