பெயரே கேள்விப்படாத ஒருவரின் முதல் நாவல் உங்களை அசரடித்ததுண்டா?

உண்டு. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'.

நண்பர் வீடு மாற்றும்போது என் தலையில் கட்டிய புத்தக மூட்டையில் அடியில் கிடந்தது. இமையம் என்றால் ஆணா பெண்ணா என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. தலைப்பைப் பார்த்து ஏதோ நையாண்டிக் கதை என்று நினைத்துத்தான் பிரித்தேன்.

முதல் நாவல் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். கதாநாயகன் பெரும்பாலும் எழுதியவராகவே இருப்பார். கவிதை எழுதுவார், ஊர் அவரைப் புரிந்துகொள்ளாது. படித்த புத்தகங்களையெல்லாம் பாத்திரங்கள் வாய்வழியே ஒப்பிப்பார். இதில் அந்த ஆளையே காணோம். பக்கத்துக்குப் பக்கம் ஆரோக்கியம் என்ற பெண்தான் பேசுகிறாள், புலம்புகிறாள், திட்டுகிறாள்.

ஊரால் ஒதுக்கப்பட்ட காலனி மக்களுக்குத் துணி வெளுக்கும் குடும்பம் அவளுடையது. பிரசவம் பார்ப்பதும் சாவு வீட்டு வேலையும் அவர்கள் தலையில்தான். கூலி என்று காசு கிடையாது. இருட்டிய பிறகு வாசல் வாசலாகப் போய் நின்று 'சாமி' என்று குரல் கொடுத்துச் சோறு வாங்க வேண்டும். கதிரடிக்கும் களத்தில் தன் பங்கு தானியத்துக்காக அவள் மன்றாடும் இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவள் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. புகழ்கிறாள், பழைய நாட்களை நினைவுபடுத்துகிறாள், அழுகிறாள், இன்னும் ஒரு கை போடச் சொல்கிறாள். 'இது அநியாயம்' என்று ஆசிரியர் ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும். எழுதவில்லை.

ஒடுக்கப்பட்டவர்களுக்கு உள்ளேயே ஒரு கீழ்ப்படி இருக்கிறது என்று, அதுவும் முதல் புத்தகத்திலேயே எழுதத் துணிச்சல் வேண்டும். 1994இல் வந்தபோது இதற்காகவே கடுமையான விமர்சனங்களும் எழுந்தன.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. புலம்பல் சில இடங்களில் நீண்டுகொண்டே போகிறது. பின்பாதியில் ஒன்றிரண்டு பக்கங்களைத் தாண்டிப் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முடித்த பிறகுதான் எழுதியவர் யார் என்று தேடினேன். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர், 1964இல் பிறந்தவர். அப்படியென்றால் இது வந்தபோது வயது முப்பதுதான்! ஐம்பதைத் தாண்டிய ஒரு பாட்டி சொல்லக் கேட்டு எழுதியது போலவே இருந்தது எனக்கு. பிறகு 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்திருக்கிறது.

படிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று: வட்டார வழக்கு தொடக்கத்தில் கொஞ்சம் இழுக்கும். முதல் இருபது பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் அவள் குரல் தானாகவே காதில் கேட்க ஆரம்பித்துவிடும்.