மைத்துனர் போடும் வரிக்கணக்கு

கேள்வி: "ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடும் நீல மாநிலங்கள் வரி கட்டுகின்றன, குடியரசுக் கட்சியின் சிவப்பு மாநிலங்கள் அதில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன" என்று நியூ ஜெர்சியில் இருக்கும் என் மைத்துனர் சொல்லிக் காட்டுகிறார். நான் டெக்சாஸ்காரன். அவர் சொல்வது சரியா?
- டாலஸ் வாசகர்

பதில்: பாதி சரி. நானும் ஜெர்சியில் 22 வருஷம் வரி கட்டியவன், அந்தப் புலம்பல் எனக்கு அத்துப்படி. நியூயார்க் செனட்டராக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹன், மாநிலங்களிலிருந்து வாஷிங்டனுக்கு வரியாகப் போனது எவ்வளவு, மத்திய அரசின் செலவாகத் திரும்பி வந்தது எவ்வளவு என்று ஆண்டுதோறும் அறிக்கையே வெளியிட்டார். நியூ ஜெர்சி, மசாசூசெட்ஸ், கனெக்டிகட் எல்லாம் வழக்கமாகக் கொடுக்கும் பக்கம். மிசிசிப்பி, மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி வாங்கும் பக்கம்.

ஆனால் இதில் கட்சிக்குப் பெரிய வேலை இல்லை. வருமான வரியைக் கட்டுவது ஆட்கள், மாநிலம் அல்ல. சம்பளம் ஏறினால் வரி விகிதமும் ஏறும். பெரிய சம்பளக்காரர்கள் ஜெர்சியில் அதிகம், அவ்வளவுதான். மேற்கு வர்ஜீனியாவில் முதியவர்கள் அதிகம், எனவே ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரும் அங்கே பாய்கின்றன. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டில் சட்டமே அப்படி: பணக்கார மாநிலத்துக்கு மத்திய அரசின் பங்கு 50 சதவீதம், மிசிசிப்பிக்கு முக்கால் பங்குக்கும் மேல்.

மைத்துனரிடம் நியூ மெக்சிகோவைப் பற்றிக் கேளுங்கள். நீல மாநிலம்தான். ஆனால் லாஸ் அலமோஸ், சாண்டியா என்ற மத்திய அரசு ஆய்வகங்களும் மெடிகெய்டும் சேர்ந்து அதை வாங்கும் வரிசையில் முன்னால் நிறுத்துகின்றன. வர்ஜீனியாவுக்கு ராணுவத் தலைமையகமான பென்டகன் இருக்கிறது. உங்கள் டெக்சாஸோ, மெடிகெய்டை இன்னும் பலருக்கு விரிவாக்கினால் அந்தக் கூடுதல் செலவில் 90 சதவீதத்தை ஏற்கிறோம் என்று வாஷிங்டன் சொல்லியும் இன்றுவரை வேண்டாம் என்கிறது. ஓசியில் சாப்பிடுகிற ஆள் இலையைத் தள்ளிவைப்பாரா?

இன்னொன்று. 2024 நிதியாண்டில் மத்திய அரசின் வரவு சுமார் 4.9 டிரில்லியன் டாலர், செலவு சுமார் 6.8 டிரில்லியன். துண்டு விழுந்ததைக் கடன் வாங்கித்தான் செலவழித்தார்கள். கடன் பணமும் சேர்ந்து வருவதால், கொடுத்ததைவிட அதிகம் வாங்கியதாகப் பல மாநிலங்களுக்குக் கணக்கு வரும். கொரோனா காலத்தில் கிட்டத்தட்ட எல்லா மாநிலமுமே வாங்கும் பக்கம்தான்.

ஜெர்சிக்காரர்களின் நிஜமான வயிற்றெரிச்சல் வேறு. மாநில வரியையும் வீட்டு வரியையும் மத்திய வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள 2017 சட்டம் 10,000 டாலர் உச்சவரம்பு போட்டது. என் வீட்டு வரியே அதைத் தாண்டியது. எனக்கும் எரிந்தது, மறைக்கவில்லை. 2025இல் அதை 40,000 ஆக்கினார்கள். அதற்குள் நான் ஜெர்சி வீட்டை விற்றுவிட்டு ஃபுளோரிடாவுக்கு வந்துவிட்டேன்.

சம்பாதித்தபோது கட்டிய வரி நீல ஜெர்சியின் பெயரில். இப்போது மாதாமாதம் வாங்கும் சோஷியல் செக்யூரிட்டி சிவப்பு ஃபுளோரிடாவின் பெயரில். நான் கொடுக்கிறவனா, உட்கார்ந்து சாப்பிடுகிறவனா என்று உங்கள் மைத்துனரிடம் கேட்டு எழுதுங்கள்.