ஹெரால்டின் முன்சக்கர பேரிங்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஆம்பூர் வாசகர்: எனது ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முன்பக்கத்தில் உறுமுகிறது. ஏலகிரி ஏறியபோதோ எந்தச் சத்தமும் இல்லை. எந்தப் பக்கத்துப் பேரிங் என்று கழற்றாமல் அறிய முடியுமா?

பெரும்பாலும் முடியும். வண்டி வலப்புறம் வளையும்போது பாரம் இடது சக்கரத்தின் மேல் சாய்வதால், அப்போது உறுமல் கூடினால் இடது பேரிங்கையும், குறைந்தால் வலது பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஊர்ந்துதான் ஏறும். பேரிங் சத்தம் போடுமளவுக்கு அங்கே சக்கரம் சுழல்வதில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் அகன்ற வளைவுகளே இச்சோதனைக்கு ஏற்றவை. பிறகு வண்டியை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மற்றொரு கையை அந்தப் பக்கத்துச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்துப் பாருங்கள். கெட்டுப்போன பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரல்களுக்குத் தெரியும்.

குடியாத்தம் வாசகர்: சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆடுகிறது. பேரிங்கை மாற்றிய பிறகும் ஆட்டம் போகவில்லை.

மாற்றுவதற்கு முன்பே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி அசைத்துப் பார்த்திருக்க வேண்டும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் குறை பேரிங்கில். மறையாவிட்டால் சக்கரம் இடவலமாகத் திரும்பத் தாங்கும் மூட்டுகளில், அதாவது மேலே உள்ள பால் ஜாயிண்டிலோ கீழே உள்ள டிரன்னியனிலோ, இருக்கும். டிரன்னியன் மரையில் திரும்பும் பாகம் என்பதால் அதற்குக் கிரீஸ் அல்ல, 90 எண் கியர் ஆயிலே செலுத்த வேண்டும். மரை எண்ணெயின்றி வறண்டு துருப்பிடித்தால் அந்த இடத்தில் முறிந்து சக்கரம் மடங்கிவிடும் என்பதால், இதைச் சரிபார்க்கும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

ஆரணி வாசகி: புதிய பேரிங் போட்டு 30 கிலோமீட்டர் ஓட்டியதும் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) கை வைக்க முடியாத சூடு. பேரிங் போலியானதா?

போலியாக இருக்கலாம்; ஆயினும் முதலில் பிரேக் ஷூ டிரம்மை விடாமல் உரசுகிறதா என்று பாருங்கள். உரசவில்லையெனில் பேரிங்கைப் பிடித்திருக்கும் நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள். ஹெரால்டில் உள்ளவை கூம்பாகச் சரிந்த உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங்குகள். சூட்டில் விரிவடைய அவற்றுக்குச் சிறிது இடைவெளி தேவை, அதற்கு 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை பொதுவாகப் போதும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை ஸ்பேனரால் இறுக்கினால் ரோலர்கள் தத்தம் இடத்தில் சரியாக அமரும்; அதன்பின் நட்டை நன்றாகத் தளர்த்தி, விரல்களால் மட்டும் திருகி, அங்கிருந்து தளர்த்தும் திசையில் நட்டின் அடுத்த பள்ளத்துக்குக் கொண்டுவந்து, நட்டு சுழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். நட்டுக்குப் பின்னால் உள்ள வாஷரை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தள்ளும்போது அது இலேசாக நகர வேண்டும்; நகரவில்லையென்றால் இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது என்று பொருள். டயரின் விளிம்பில் இலேசான அசைவு தெரிவதைக் குறையென்று கருதி மெக்கானிக் மீண்டும் ஸ்பேனரை எடுத்தால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படி இறுக்கி, வேலூரிலிருந்து ராணிப்பேட்டை சேர்வதற்குள் கிரீஸ் உருகி டிரம்முக்குள் வடிய, பிரேக் சரியாகப் பிடிக்காமல் தவித்தேன். கழற்றிப் பார்த்தபோது ரோலர்கள் நீலம் பாரித்திருந்தன.

திருவண்ணாமலை வாசகர்: ஹப்பிலுள்ள பழைய கப்பை (பேரிங்கின் வெளி வளையத்தை) எடுக்காமல், ரோலர் உள்ள உட்பாகத்தை மட்டும் மாற்றலாமா?

கூடாது. பழைய கப்பில் பதிந்த தேய்மானம் புதிய ரோலர்களையும் விரைவில் கெடுத்துவிடும். பித்தளைக் கம்பியை உள்ளிருந்து கொடுத்து, எதிரெதிர் இடங்களில் மாற்றி மாற்றித் தட்டினால் கப் சாயாமல் வெளிவரும். புதிய கப்பை உள்ளே செலுத்த, வெளிவிளிம்பைச் சற்றுத் தேய்த்துச் சிறிதாக்கிய பழைய கப்பையே அச்சாக வைத்துத் தட்டலாம். தட்டும் ஓசை ‘டங் டங்’ என்று கணீரென ஒலித்துக்கொண்டிருந்து, திடீரென்று ‘டொக்’ என்று மாறும். கப் அடிவரை அமர்ந்ததற்கு அதுவே அடையாளம்.

காட்பாடி வாசகர்: கப் ஹப்புக்குள் சுழல்கிறது. உட்சுவரில் பஞ்சால் புள்ளி அடித்தால் நின்றுவிடும் என்கிறார் லேத்காரர்.

சில நாள் நிற்கும். அந்தச் சில புள்ளிகள் மழுங்கியதும் கப் மீண்டும் சுழலும். தளர்ச்சி மிகக் குறைவென்றால் பேரிங்குகளுக்கென்றே விற்கும் ஒட்டுப் பசை போதும். அதிகமென்றால் வேறு ஹப் தேடுங்கள்.

வாலாஜா வாசகர்: கத்திரி வெயிலை எண்ணி ஹப் முழுவதும் கிரீஸ் அடைத்தேன். சரிதானே?

சரியல்ல. லித்தியம் கிரீஸ் உருகிச் சொட்ட ஏறத்தாழ 180 டிகிரி வெப்பம் வேண்டும் என்பதால் வேலூர் வெயில் அதை ஒன்றும் செய்யாது. ஹப் நிறைய அடைத்தால்தான் கிரீஸ் கடையப்பட்டுத் தானே சூடேறி, கசிவைத் தடுக்கும் சீல் வளையத்தைத் தாண்டிப் பிரேக் லைனிங்கில் படியும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, ரோலர்களுக்கு இடையே மறுபக்கம் பிதுங்கும் வரை ஏற்றுங்கள். வெளி மூடிக்குள் கிரீஸ் வேண்டாம். பழைய பேரிங்கையே மீண்டும் போடுவதாக இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி நிழலில் உலரவிடுங்கள். காற்றுக் குழாயைப் பிடித்து அதைச் சுழலவிட்டால் ரோலர்கள் தெறித்துக் காயப்படுத்தக்கூடும்.