களை கட்டியதா, களை கட்டதா?

களை என்ற ஒரே சொல்லைச் சுற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். வயலில் பிறந்த சொல் வீட்டுக்கும் மேடைக்கும் வந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: ‘ஏரினும் நன்றால் எருவிடுதல் கட்டபின் நீரினும் நன்றதன் காப்பு’ என்ற குறளில் ‘கட்டபின்’ என்றால் வேலி கட்டிய பிறகு என்றுதானே பொருள்? அடுத்து ‘காப்பு’ என்று வருகிறதே.

பதில்: இல்லை, களை எடுத்த பிறகு என்று பொருள். காப்பு பக்கத்திலேயே இருப்பதால் வேலி நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் கயிறு கட்டுவது, வேலி கட்டுவது எல்லாம் இறந்தகாலத்தில் ‘கட்டி, கட்டிய’ என்று வரும். வேலி என்றால் ‘கட்டியபின்’ என்றுதான் இருந்திருக்கும். இங்கே வேர் ‘கள்’. ‘கேள்’ என்பது ‘கேட்ட’ என்று ஆவதுபோல, ‘கள்’ என்பது ‘கட்ட’ என்று ஆகிறது. கட்டல் என்றால் களை பிடுங்குதல். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும் களை எடுப்பதாகவே பொருள் கொள்கிறார்.

இதே வினை செங்கோன்மை அதிகாரத்திலும் வருகிறது, 550ஆம் குறள்: ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்.’ பிரித்தால் ‘களை கட்டதனொடு’. கவனியுங்கள், ‘கட்டியதனொடு’ இல்லை. அங்கே களை என்ற சொல்லும் பக்கத்திலேயே இருப்பதால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இப்போது நீங்கள் கேட்ட 1038ஆம் குறளை மறுபடி படியுங்கள். ஏர் ஓட்டி, எரு இட்டு, களை எடுத்து, நீர் பாய்ச்சி, காவல் காக்க வேண்டும் என்று ஐந்து வேலைகளும் ஒன்றே முக்கால் அடிக்குள் அடங்கியிருக்கின்றன. ‘கட்ட’ என்பதை வேலியாக்கினால் நடுவில் ஒரு வேலை காணாமல் போய்விடும். எனக்கு அந்த இழப்பு பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: அப்படியானால் ‘திருவிழா களை கட்டியது’ என்பது தவறா?

பதில்: தவறில்லை. அது முகக்களை என்று சொல்கிறோமே, அந்தக் களை. பொலிவு என்று பொருள். பயிருக்கும் அதற்கும் உறவில்லை. திருவிழா களை கட்டியது. உழவர் களை கட்டார், அதாவது பிடுங்கினார். அவ்வளவுதான்.

கேள்வி: ‘குறைகளைக் களைத்தனர்’ என்று ஒரு செய்தியில் படித்தேன். சரியா?

பதில்: ‘களைந்தனர்’ என்றே எழுத வேண்டும். நீக்குவது என்றால் களைகிறார், களைந்தார். சோர்வது என்றால் களைக்கிறார், களைத்தார். குறைகள் களைப்படைவதில்லை.

கேள்வி: அரிசி களைவதும் இந்தக் களைதானா?

பதில்: ஆமாம். அரிசியைத் தண்ணீரில் போட்டு விரல்களால் அலசும்போது தவிடும் தூசியும் உமியும் மேலே மிதந்து வரும். பாத்திரத்தைச் சாய்த்து அவற்றைத் தண்ணீரோடு வடித்துவிடுகிறோம். வேண்டாததை எடுத்துவிட்டு வேண்டியதை நிறுத்திக்கொள்வதுதான் களைதல். கல் அடியில் தங்கும். அதைப் பிரிக்க வேறு கைப்பழக்கம் வேண்டும், அதற்கு ‘அரித்தல்’ என்று பெயர். ‘அரிசியைக் களைந்து அரித்துப் போடு’ என்று பெரியவர்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: கம்புக் கொல்லையில் பண்ணைக்கீரை தானாக முளைக்கிறது. அது கீரையா, களையா?

பதில்: சொல்லிலேயே விடை இருக்கிறது. களையப்படுவது களை. எந்தச் செடியும் பிறக்கும்போதே களை இல்லை. பருத்திக் காட்டில் போன பருவத்து நிலக்கடலை முளைத்தால் அதுவும் களைதான். பண்ணைக்கீரையைப் பறித்துக் குழம்பில் போட்டால் கீரை; கம்போடு உரத்துக்குப் போட்டி போடும்வரை களை. கொல்லையில் களை எடுக்கப் போனவர்கள் மடியில் கீரையோடு திரும்புவது வழக்கம்தானே.

கேள்வி: களை எடுத்தல், பறித்தல், கொத்துதல், வெட்டுதல் எல்லாம் ஒன்றுதானா?

பதில்: எடுத்தல் பொதுச்சொல். மற்றவை ஒவ்வொன்றும் ஒரு நிலத்தையும் ஒரு கருவியையும் காட்டும். சேற்று வயலில் கையால் வேரோடு இழுத்தால் பறித்தல். மானாவாரி நிலத்தில் களைக்கொத்தால் மண்ணைக் கிளறி எடுத்தால் கொத்துதல். கரும்பு, வாழை வரிசைகளுக்கு நடுவே மண்வெட்டி போட்டால் வெட்டுதல். வரப்புப் புல்லை மேலாகச் சீவினால் செதுக்குதல். திருந்திய நெல் சாகுபடி வந்தபிறகு ‘கோனோ வீடர் ஓட்டியாச்சா?’ என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. கோனோ வீடர் என்பது நெல் வரிசைகளுக்கு நடுவே தள்ளி ஓட்டும் களைக்கருவி. அதில் களை வெளியே வருவதில்லை, சேற்றிலேயே அமுங்கி மட்கிவிடும்.

அப்புறம், களை என்பது வேலையை எண்ணும் கணக்காகவும் இருக்கிறது. நெல் நட்டு 15 முதல் 20 நாளில் எடுப்பது முதல் களை, அடுத்தது இரண்டாம் களை. ‘ரெண்டாங்களை முடிஞ்சதா?’ என்று கேட்டால் செடியைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கிறார்கள்.

வினையை மாற்றிப்போட்டால் வேலையும் கெடும். கோரையைப் பறித்தால் தழைதான் கையோடு வரும்; கிழங்கு மண்ணுக்குள் இருந்துகொண்டு மறுபடி துளிர்க்கும். அதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். குதிரைவாலிப்புல் இன்னொரு வகைச் சிக்கல். இளம் பருவத்தில் நெல்லைப் போலவே நிற்கும். இலை தண்டோடு சேரும் இடத்தை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். நெல்லுக்கு அங்கே வெளிறிய மெல்லிய நாக்கு போன்ற சவ்வும், இரு பக்கமும் மயிர் முளைத்த சிறு காதுகளும் இருக்கும். புல்லுக்கு இரண்டும் இல்லை, வழவழவென்று வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பறியுங்கள்.