சிரிப்பை எழுதுதல், சிரிப்பை இயக்குதல்: கேள்வி பதில்

கேள்வி: நகைச்சுவைத் திரைக்கதையை எங்கிருந்து தொடங்குவது? கைவசம் நல்ல வசனங்கள் இருக்கின்றன, கதைதான் அமையவில்லை.

பதில்: வசனங்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் பாத்திரம் எதை இழக்கத் தயாராக இல்லை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1981இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘தில்லு முல்லு’வில் நாயகனுக்கு வேலை போய்விடக் கூடாது. கால்பந்தாட்டம் பார்க்கப் போன இடத்தில் முதலாளியின் கண்ணில் பட்டுவிட்டவன், அது தன் இரட்டைச் சகோதரன் என்று ஒரு பொய் சொல்கிறான். அந்தப் பொய்யைக் காப்பாற்ற மீசையை எடுக்க வேண்டியதாகிறது. மீசையை எடுத்ததால், அலுவலகத்துக்குப் போக ஒட்டு மீசை வேண்டியதாகிறது. ஒவ்வொரு பொய்யும் முந்தைய பொய்யை விடச் செலவு மிக்கதாக வளர்வதைக் கவனியுங்கள். இப்படி ஒரு சங்கிலி அமைந்துவிட்டால், ‘வணக்கம் சார்’ என்ற சாதாரண வசனத்துக்கே அரங்கம் சிரிக்கும்; அமையாவிட்டால், எத்தனை நல்ல வசனமும் தனித்தனியாக நின்று அடுத்த காட்சிக்குள் மறந்துபோகும்.

கேள்வி: என் கதையை யாரும் திருடிவிடாமல் பதிவு செய்வது எப்படி?

பதில்: இது சட்டம் சார்ந்தது. பதிப்புரிமை அறிந்த வழக்கறிஞரிடமோ, எழுத்தாளர் சங்கத்திலோ கேட்பதே சரி.

கேள்வி: ஒத்திகையில் சிரிப்பு வருகிறது, படமாக்கினால் வருவதில்லை. நடிகர்கள் மிகையாக நடிக்கிறார்களோ?

பதில்: பெரும்பாலும் அதுதான் காரணம். தான் இருப்பது நகைச்சுவைப் படத்தில் என்பது பாத்திரத்துக்குத் தெரியவே கூடாது. இதை இங்கே மீண்டும் மீண்டும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ், பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை மறுபடி பாருங்கள், ஆனால் இம்முறை நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். அவர் ஒரு கணமும் சிரிக்க வைக்க முயலவில்லை, உண்மையாகவே பயப்படுகிறார். சொல்பவருடைய குரலும் கையும் பயத்தைக் கூட்டக் கூட்ட, கேட்பவருடைய முகம் படிப்படியாக மாறுகிறது. நாம் சிரிப்பது அந்த முகத்தைப் பார்த்து. ஆகவே, நடிகரிடம் ‘இன்னும் காமெடியாகச் செய்யுங்கள்’ என்று சொல்லாதீர்கள். ‘உங்களுக்கு இப்போது என்ன வேண்டும், எதைக் கண்டு பயம்?’ என்று கேளுங்கள்.

கேள்வி: சிரிப்பை வரவழைக்கும் வசனம் எழுத ஏதாவது உத்தி உண்டா?

பதில்: சிரிப்பை உண்டாக்கும் சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வையுங்கள், அதற்குப் பின் ஒரு சொல்லும் வேண்டாம். வினைமுற்றில் முடிவது நம் மொழியின் இயல்பாதலால், வாக்கியத்தைச் சற்று மாற்றிப் போட வேண்டியிருக்கும்; பேச்சுவழக்கு அதற்குத் தாராளமாக இடம் தருகிறது.

கேள்வி: நகைச்சுவைக் காட்சிக்கு, முகத்தை நெருங்கி எடுக்கும் அண்மைக் காட்சி நல்லதா, ஆளையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் காட்டும் அகலக் காட்சி நல்லதா?

பதில்: உடலால் நிகழும் நகைச்சுவைக்கு அகலக் காட்சி. பஸ்டர் கீட்டன் 1928இல் எடுத்த படமொன்றில் வீட்டின் முகப்புச் சுவர் முழுதாக அவர்மேல் சாய்கிறது; திறந்த சன்னல் அவர் நிற்கும் இடத்துக்கு நேராக வந்து விழுவதால் உயிர் தப்புகிறார். மனிதன், சுவர், சன்னல் ஆகிய மூன்றும் ஒரே சட்டகத்தில் வெட்டின்றித் தெரிவதால்தான் நாம் நம்புகிறோம்.

கேள்வி (படத்தொகுப்பாளர் ஒருவர்): பார்வையாளர் சிரிப்பதற்காக வசனங்களுக்கு நடுவே இடைவெளி விடச் சொல்கிறார்கள். கைபேசியில் தனியாகப் பார்ப்பவருக்கு அந்த இடைவெளி தொய்வாகத் தெரிகிறதே?

பதில்: இன்று வந்தவற்றில் மிகச் சிறந்த கேள்வி இது. பில்லி வைல்டர் 1959இல் இயக்கிய ‘சம் லைக் இட் ஹாட்’ படத்தில், பெண் வேடத்தில் இருக்கும் ஜாக் லெமன், தனக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது என்று நண்பனிடம் சொல்லும் காட்சி உண்டு. அரங்கின் சிரிப்பில் அடுத்த வசனம் அமுங்கிவிடும் என்று வைல்டருக்குத் தெரியும். எனவே லெமன் கையில் ‘மராக்கஸ்’ என்னும் கிலுகிலுப்பை வாத்தியத்தைக் கொடுத்து, ஒவ்வொரு வசனத்துக்குப் பின்பும் அதைக் குலுக்கி ஆடச் செய்தார். இடைவெளி அங்கே இருக்கிறது, ஆனால் வெறுமையாக இல்லை. அந்த ஆட்டமே பாத்திரத்தின் குதூகலத்தைக் காட்டுகிறது. அரங்கில் சிரிப்புக்கு இடம் கிடைக்கிறது, தனியாகப் பார்ப்பவருக்கும் பார்க்க ஒன்று இருக்கிறது.

கேள்வி (அதே படத்தொகுப்பாளர்): அது படப்பிடிப்பிலேயே திட்டமிட்டது. என் மேசைக்கு வரும் காட்சியில் அப்படி எதுவும் இல்லாதபோது, வெட்டி வேகமாக்குவதுதானே நேர்மை?

பதில்: உடன்படமாட்டேன். ஒரே காட்சியைப் பலமுறை எடுத்திருப்பார்கள்; வசனத்தைக் கேட்பவரின் முகம் அவற்றில் ஏதேனும் ஒரு டேக்கில் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். வேகம் வேறு, அவசரம் வேறு. செய்தி கேட்பவருக்குப் புரியும் கணத்தை வெட்டிவிட்டால், பார்வையாளருக்கும் புரிய நேரமிருக்காது.

கேள்வி (இன்னொருவர்): அந்த இடத்தில் ஒரு வேடிக்கை ஒலி சேர்த்தால் சிக்கல் தீர்ந்துவிடுமே?

பதில்: தீராது. ‘இப்போது சிரியுங்கள்’ என்று ஒலி கட்டளையிடும்போது, தாமே கண்டுபிடித்த மகிழ்ச்சி பார்வையாளரிடமிருந்து பறிபோகிறது. படத்தொகுப்பாளரின் கருத்தை நான் மறுத்தாலும், வெட்டுவதா ஒலி சேர்ப்பதா என்று வந்தால், அவர் பக்கமே நிற்பேன்.

கேள்வி: சிரிப்பு வசனம் எழுதுவது எப்படி?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். இதே கேள்வியை அனுப்பிய மற்றவர்களும் அந்தப் பதிலையும் முதல் பதிலையும் சேர்த்துப் படிக்கவும்.

கேள்வி: படம் முடிந்தபின் சோதனைக் காட்சியில் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: எதையும் கேட்க வேண்டாம். பின்வரிசையில் உட்கார்ந்து, சிரிப்பு வந்த இடத்தையும் அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சிரிப்பு வராத இடத்தில், அந்த வசனத்தைத் திருத்துவதற்கு முன் அதற்கு முந்தைய காட்சியைச் சோதியுங்கள். தேவையான தகவல் அங்கேதான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.