தொண்டைத் தொற்று ஆறிய பிறகும் வாய் ஏன் காய்கிறது? – கேள்வி பதில்

பல் மருத்துவராகப் பணியாற்றும் நான், நாவறட்சி பற்றி அண்மையில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: காய்ச்சலும் தொண்டை வலியும் தீர்ந்து ஐந்து நாட்கள் ஆகின்றன. வாய் மட்டும் காய்ந்தே கிடக்கிறது. தொற்று இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருளா?

பதில்: பெரும்பாலும் இல்லை. உமிழ்நீரில் பெரும்பகுதி, காதுகளின் முன்புறமும் கீழ்த்தாடைக்கு அடியிலும் நாக்கின் அடியிலும் இணை இணையாக அமைந்துள்ள ஆறு பெரிய சுரப்பிகளிலிருந்து வருகிறது. உதடு, கன்னம், அண்ணம் ஆகியவற்றில் பரவியிருக்கும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் மிச்சத்தைத் தருகின்றன. சாதாரணத் தொண்டைத் தொற்று இவற்றைப் பழுதாக்குவது அரிது. பொன்னுக்குவீங்கி இதற்கு விலக்கு. ஆனால் அப்போது காதின் முன்புறம் வீங்கி வலிப்பது வெளிப்படையாகவே தெரியும்.

உண்மையில் நடப்பது வேறு. விழுங்க வலிப்பதால் தண்ணீர் குடிப்பது குறைகிறது, காய்ச்சலில் உடலின் நீர் இழக்கப்படுகிறது, மூக்கடைப்பால் வாய்வழியாக மூச்சு விடுகிறோம், இவற்றோடு சளி மாத்திரையும் சேர்கிறது. ஓய்வாக இருக்கும்போது வாயில் நிமிடத்திற்குச் சுமார் 0.3 முதல் 0.4 மில்லிலிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. அது ஏறத்தாழப் பாதியாகக் குறையும்போதுதான் வறட்சியை நாம் உணர்கிறோம். ஆகவே தனித்தனியே தெரியாத இரண்டு சிறு காரணங்கள் ஒன்று சேர்ந்தாலே வாய் காய்ந்துவிடும்; தொற்று ஆறினாலும் அவற்றில் ஒன்று நீடித்தால் வறட்சியும் நீடிக்கும்.

சுரப்பி வேலை செய்கிறதா என்பதை நீங்களே ஓரளவு பார்க்கலாம். கண்ணாடியின் முன் நின்று கன்னத்தை விலக்கி, மேல்வரிசையில் இரண்டாவது பெரிய கடைவாய்ப்பல்லுக்கு நேராகக் கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள்; கடுகளவு மேடு ஒன்று தெரியும். அதைச் சுத்தமான துணியால் ஒற்றிவிட்டு, காதின் முன்புறத்திலிருந்து கன்னத்தை நோக்கி மெதுவாக அழுத்தித் தடவினால், அந்த மேட்டில் தெளிந்த துளி ஒன்று அரும்பும். துளி தெரியாவிட்டால் அதை மட்டும் வைத்துக் கவலைப்பட வேண்டாம். ஆனால் அது கலங்கலாகவோ சீழாகவோ வந்தாலும், சாப்பிடும் நேரத்தில் அந்த இடம் வீங்கி வலித்தாலும், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பகலில் பரவாயில்லை. விடியற்காலையில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு விழிப்பு வருகிறது.

பதில்: உறங்கும்போது உமிழ்நீர் எல்லோருக்கும் மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் வாயும் திறந்திருந்தால், இருக்கும் சிறிதளவு ஈரமும் மூச்சோடு போய்விடும். ஆகவே சரி செய்ய வேண்டியது உங்கள் மூக்கைத்தான். படுப்பதற்கு முன் உப்புநீர்க் கரைசலால் மூக்கைக் கழுவுங்கள். அதற்குக் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். தலையைச் சற்று உயர்த்திப் படுப்பதும் உதவும். மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்துகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், நிறுத்தியதும் அடைப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும் என்பதால் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: ஆன்டிபயாடிக்கால்தான் வாய் காய்கிறது என்று நினைத்து, பாதியில் நிறுத்திவிடலாமா என யோசிக்கிறேன்.

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தொண்டைக்குப் பொதுவாகத் தரப்படும் ஆன்டிபயாடிக்குகள் நாவறட்சிக்கு முதன்மைக் காரணமாக இருப்பது குறைவு. அவற்றோடு சேர்த்துத் தரப்பட்ட சளி மாத்திரையின் அட்டையை எடுத்துப் பின்புறத்தைப் படியுங்கள். குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள், சுரப்பிக்கு நரம்பு அனுப்பும் ‘சுரக்கலாம்’ என்ற செய்தியையே தடுக்கின்றன. மூக்கொழுகல் நிற்பதற்கும் வாய் காய்வதற்கும் இதுவே காரணம். மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரினும் வாயை உலர்த்தும். சளி மாத்திரைகள் பலவற்றில் இவ்விரு வகைகளும் ஒன்றாகவே கலந்திருக்கின்றன. மூக்கொழுகல் நின்ற பிறகும் பழக்கத்தால் இரவுதோறும் அதை விழுங்கிக்கொண்டிருப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மருத்துவரிடம் கேட்டு அதை நிறுத்தினால், பெரும்பாலும் ஓரிரு நாட்களில் வாயில் ஈரம் திரும்பிவிடும்.

கேள்வி: புளிப்பு மிட்டாயை நாள் முழுவதும் சப்பிக்கொண்டிருக்கிறேன். அதில் நிம்மதி கிடைக்கிறது. தொடரலாமா?

பதில்: வேண்டாம். பல் மருத்துவராக இந்த ஒரு பதிலை மட்டும் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். புளிப்பு உமிழ்நீரைத் தூண்டுவது உண்மைதான். ஆனால் வாயின் pH (அமிலம் கூடக்கூடக் குறையும் அளவு) 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்குகிறது. வழக்கமாக அந்த அமிலத்தைக் கழுவி மட்டுப்படுத்துவது உமிழ்நீரே. அது குறைந்திருக்கும் வாயில் சர்க்கரையையும் புளிப்பையும் மணிக்கணக்கில் ஊற வைத்தால், தொண்டை குணமாகும், பற்கள் சொத்தையாகும். சர்க்கரை இல்லாத, சைலிட்டால் கலந்த சூயிங்கத்தை மெல்லுங்கள். மெல்லும் அசைவே சுரப்பிகளைத் தூண்டிவிடும். தண்ணீரைச் சிறுசிறு மடக்காக அடிக்கடி அருந்துங்கள். ஃபுளோரைடு உள்ள பற்பசையால் இருவேளை துலக்குங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைத் தொடவே வேண்டாம். அது வாயை மேலும் உலர்த்தும்.

கேள்வி: நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சாப்பிட்டால் எரிகிறது.

பதில்: உலர்ந்த நாக்கில் மெல்லிய வெண்படிவு சேர்வது இயல்பு, அது எரியாது. திட்டுத்திட்டாக இருந்து, மெதுவாகத் துடைத்தால் உரிந்து, அடியில் சிவந்த தசை தெரிந்தால், கேண்டிடா என்ற பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் வாயிலுள்ள பாக்டீரியாக்களைக் குறைப்பதால் இந்தப் பூஞ்சை பெருக இடம் கிடைக்கிறது. நிஸ்டாட்டின், குளோட்ரிமசோல் போன்ற மருந்துகளால் இது எளிதில் குணமாகும். ஆனால் பார்த்து உறுதி செய்த பிறகே போட வேண்டும்.

கேள்வி: எத்தனை நாட்கள் பொறுக்கலாம்?

பதில்: தொற்று தீர்ந்து இரண்டு வாரங்களுக்குள் வறட்சி படிப்படியாகக் குறைய வேண்டும். மூன்றாவது வாரத்திலும் அப்படியே இருந்தால், தொண்டையைக் காரணம் காட்டுவதை நிறுத்திவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும். அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் இருந்தால், வாரக்கணக்கில் காத்திராமல் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். கண்களிலும் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல் மாதக்கணக்கில் தொடர்ந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய்க்கான பரிசோதனை தேவைப்படும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் சிலவும் வாயை உலர்த்தும்.

வாயைத் திறக்க முடியாமை, ஒரு பக்கத் தொண்டை மட்டும் வீங்கி வலித்தல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிடுதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். டான்சில் அருகில் சீழ் கட்டியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, பல்செட் அணிகிறார். தாகமே இல்லை என்கிறார். ஆனால் நாக்கு வெடித்திருக்கிறது.

பதில்: முதுமையில் தாக உணர்வு மங்கிவிடும் என்பதால், அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே தண்ணீரை எடுத்துக் கொடுங்கள். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் மட்டும் முதலில் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். ஈரமில்லாத ஈறில் பல்செட் உராய்ந்து புண்ணாக்கும். இரவில் அதைக் கழற்றித் துலக்கித் தண்ணீரில் போட்டுவைத்து, ஈறுக்கு ஓய்வு கொடுங்கள். நாளை காலை அவர் அதை மாட்டும் முன், நல்ல வெளிச்சத்தில் அவருடைய மேலண்ணத்தை ஒருமுறை பாருங்கள். பல்செட் பதியும் இடம் முழுவதும் சிவந்திருந்தால் அங்கும் பூஞ்சை இருக்கக்கூடும், பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.