எழுதச் சொன்னால் கை வலிக்கிறது என்கிறான்

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. எல்.கே.ஜி. படிக்கிறான். பென்சிலைக் கொடுத்தால் கை வலிக்கிறது என்று எழுந்து ஓடிவிடுகிறான். எங்கள் வீட்டில் கைத்தறி இருக்கிறது. நூல் சுற்றும் காலித் தார்க்குச்சிகளை அடுக்குவான், கலைப்பான். ஒரு குச்சியை, தறியில் நூலோடு குறுக்கே ஓடும் நாடா என்று சொல்லித் தரையில் இப்படியும் அப்படியும் தள்ளி நெய்வான். பக்கத்து வீட்டுக் குழந்தை ‘அ’ முதல் ‘ஃ’ வரை எழுதிவிட்டது. டியூஷனில் சேர்க்கலாமா? மாமியார், “விளையாடட்டும் விடு” என்கிறார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: டியூஷன் வேண்டாம் சகோதரி. உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி.

கை வலிக்கிறது என்பதை நம்புங்கள். மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. வருடக் கணக்கில் மெல்ல மெல்லத்தான் இறுகும். நாலு வயதில் அந்த வேலை இன்னும் நிறையவே பாக்கி இருக்கும். அந்தக் கையைப் பக்கம் பக்கமாக எழுத வைப்பது பாவம். தார்க்குச்சியை விரல் நுனியால் எடுத்துச் சாயாமல் நிறுத்துகிறானே, பென்சில் பிடிக்க அவன் விரல்கள் அங்கேதான் பழகுகின்றன. சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையையும் அவனிடம் கொடுங்கள்.

இன்று சாயங்காலம் ஒன்று செய்து பாருங்கள். ஐந்து தார்க்குச்சிகளை ஒரு வரிசையாகவும், எதிரே ஐந்தை இன்னொரு வரிசையாகவும் வையுங்கள். இரண்டும் சமமா என்று கேட்டால் சமம் என்பான். அவன் கண்ணெதிரிலேயே ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். நீளமான வரிசையில்தான் அதிகம் என்று அநேகமாகச் சொல்வான். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் குழந்தைகளிடம் இப்படித்தான் கேட்டுப் பார்த்தார். நூறு வரை ஒப்பிக்கும் குழந்தைகூட இதில் தடுமாறலாம். உடனே திருத்த வேண்டாம். பரப்பி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்பது அடுக்கிக் கலைத்து, கலைத்து அடுக்கித்தான் மனதில் படியும். பாட்டியோடு உட்கார்ந்து பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வந்தாலும் அந்தக் கணக்கு வரும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நாடாதான். கையில் இருப்பது குச்சி. ஆனால் அதை நாடா என்று வைத்துக்கொள்கிறான். நாளைக்கு ஒரு வளைந்த கோட்டை ‘அ’ என்று வைத்துக்கொள்ளப் போவதும் இதே மனதுதான். அவன் நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “யாருக்குப் புடவை? கரை என்ன கலர்?” என்று கேளுங்கள். பதில் சொல்லச் சொல்லப் பேச்சு வளரும். கேள்வியைப் பாடமாக்கிவிட மட்டும் வேண்டாம்.

அப்புறம், உட்கார்ந்து விளையாடுவது மட்டும் போதாது. இந்த வயதில் தினமும் 3 மணி நேரமாவது உடல் அசைய வேண்டும், அதில் 1 மணி நேரம் ஓட்டமும் குதியுமாக இருக்க வேண்டும், செல்போனும் டிவியும் சேர்ந்து 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. குமரகிரி மலைக்கோயில் உங்களுக்குப் பக்கம்தானே? ஞாயிற்றுக்கிழமை கைபிடித்துப் படியேற்றிவிடுங்கள்.

நாலு வார்த்தை கோத்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேறு குழந்தைகள் பக்கமே போவதில்லை என்றால் தள்ளிப்போடாமல் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் தெரியவில்லை.

ஐந்து குச்சிக்கு அவன் என்ன பதில் சொன்னான் என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கேட்டு, அதையும் எழுதுங்கள்.